காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு

முகத்துக்குப் பூசும் கிரீம் பெட்டிக்குள் ஒரு மெல்லிய தாளை மடித்து வைத்திருப்பார்கள். அந்தத் தாளை முழுவதும் படித்த ஒரே ஆளை நான் பதுளையில்தான் பார்த்தேன். பிறப்பு, விவாக, இறப்புப் பதிவாளராக ஆயுளைக் கழித்தவன் நான். படிக்கப்படாத அறிவுறுத்தல்களைப் பற்றிப் பேச எனக்கு அருகதை உண்டு. 'கறுப்பு மையால் நிரப்புக' என்று எழுதியிருக்கும் வரியையே நீல மையால் நிரப்பிக்கொண்டு வருவார்கள். 'இங்கே எழுத வேண்டாம்' என்ற கட்டத்துக்குள் மாமனாரின் பெயர் இருக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு முகப்பூச்சின் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்து, புரியாத சொல்லுக்கு மருந்துக்கடையில் விளக்கம் கேட்டு, அதில் சொன்னபடியே நடந்தவள் அவள். சொன்னபடி நடந்ததுதான் அவள் செய்த பிழை என்று பிற்பாடு ஊர் தீர்ப்புச் சொன்னது.

மணப்பெண் அலங்காரம் அவள் தொழில். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்தவள். பதுளை பஸாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் ஃபேன்சி கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தாள். தோட்டத்துக் கல்யாணங்களுக்கு நான் பதிவுப் புத்தகத்தோடு போவேன். அவள் நீலப் பெட்டியோடு வருவாள். திரும்பும்போது ஒரே பஸ்ஸுக்குக் காத்திருப்போம். எங்கள் இருவருக்கும் முன்னறிவித்தல் தேவை. சட்டப்படி இத்தனை நாள் முன்பே அறிவித்தல் கொடுத்தாக வேண்டும் என்று நான் சொன்னால், "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டுவார்கள். நாலைந்து நாள் முன்பே வந்து பெண்ணின் தோலில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னால் சிரிப்பார்கள்.

"ஏன்டி, ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் பாக்குற மாதிரி எங்க புள்ளைய நசுக்கிப் பாக்க வந்திருக்கியா?" என்று ஒரு கல்யாண வீட்டில் கிழவி ஒருத்தி கேட்டாள்.

"ஆமாங்க பெரியம்மா. வேகாத சோத்த எலையில போட்டா, அப்புறம் நீங்கதானே என்னைய ஏசுவீங்க?" என்றாள் அவள், பெண்ணின் காது மடலை மடக்கிப் பிடித்துக்கொண்டே.

தாளில் 'பெட்ச் டெஸ்ட்' என்றுதான் இருந்தது. அவள் அப்படிச் சொல்லமாட்டாள். 'கேட்டு வைக்கிறது' என்பாள். "பொண்ணுக்குக் கேட்டு வச்சிருக்கேங்க. திங்கக்கெழம வந்து பதில் பாக்குறேன்." யாரிடம் கேட்டு வைத்தாய் என்று ஒரு நாள் வம்புக்குக் கேட்டேன். "தோலுகிட்டதாங்க ஐயா. அதுக்கு வாயில்ல. கேக்காம தொட்டா செவந்துதான் காட்டும்" என்றாள்.

பாசிப்பயறு அளவுக்கு மேல் வைக்கமாட்டாள். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். இரண்டை ஒன்றாக வைத்தால், சிவந்தது எதற்கென்று தெரியாது. வைத்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது, சொறியக்கூடாது. காதுக்குப் பின்னால் வைப்பதுதான் வழக்கம். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கூடைக்கயிறு தலையிலிருந்து இறங்கி அந்த இடத்தை உரசும். கயிறு உரசிச் சிவந்ததைக் கிரீமின் மேல் பழி போட அவள் விரும்பவில்லை. அவர்களுக்கு மட்டும் மேல்கையின் உட்புறத்தில் வைப்பாள். வைக்குமுன் ஒரு விசாரணை நடக்கும்: "இன்னிக்கு எந்த மலையில வேல? புல்லுக்கு மருந்து அடிச்சாங்களா? மழையில நனஞ்சியா?" பொட்டு ஒட்டும் பசைக்குக்கூட இதே மரியாதை. ஸ்டிக்கர் பொட்டை முழங்கையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு, மணப்பெண் இரண்டு நாள் அதோடு அலைய வேண்டும். "எங்கூட்டுப் பொண்ணுக்குக் கையிலயும் நெத்தி இருக்கு" என்று தம்பிமார் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பொட்டை எடுக்கவிடமாட்டாள்.

இதனால் அவளுக்கு வந்த வேலையைவிடப் போன வேலை அதிகம். கீழ்க்கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். தன் கடைக்கு வரும் பெண்களை அவளிடம் மேலே அனுப்புவதும் அவர்தான், அனுப்பிவிட்டுப் புலம்புவதும் அவர்தான். "என்ன புள்ள, நீங்க யாவாரமா பண்றீங்க, ஆஸ்பத்திரியா நடத்துறீங்க? கிரீம் வாங்க வந்த பொம்பளைக்கு நாளான்னைக்கு வான்னு சொல்லி அனுப்புறீங்களே!"

"நாளான்னைக்கு வரட்டுங்க மொதலாளி. மூஞ்சி எங்கயும் ஓடிறாதே."

"மூஞ்சி ஓடாது புள்ள. ஆளு ஓடிருமே!"

ஆள்கள் ஓடத்தான் செய்தார்கள். ஒரு முறை, பெயரும் முகவரியும் இல்லாத ஒரு வெள்ளைக் கிரீமை யாரோ கடைக்குக் கொண்டுவந்தார்கள். சில நாளிலேயே நிறம் மாறும் என்று வாய்வழி உத்தரவாதம். பெட்டிக்குள் தாள் இல்லாததால் அவள் அதை எந்தப் பெண்ணிடமும் கேட்டு வைக்கவில்லை. தன் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். சிவக்கவில்லை, எரியவில்லை. அந்த இடம் மட்டும் வெளுத்தது. கறுத்த கையில் ஒரு நாணயம் அளவுக்கு யாரோ ஒருத்தியின் தோல். அது பழைய நிறத்துக்குத் திரும்பவே இல்லை. வெளுக்க ஆசைப்பட்டு வரும் மணப்பெண்களிடம் கையைத் திருப்பிக் காட்டுவாள். "பாரு தங்கச்சி, இந்த எடத்துல மட்டும் என்னைய காணோம்."

அதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இப்போது நினைக்கும்போது சிரிப்பு வருவதில்லை. அவள் செத்துப் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. மேல்மாடியில் கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். முதலாளி அந்தப் படிக்கட்டைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவளுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்பதற்கு ஊரில் பல கதைகள் இருந்தன. அவளுடைய கல்யாணத்தன்று முகம் வீங்கி மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள் என்பது ஒரு கதை. சாகக் கிடந்த தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்தாள் என்பது இன்னொன்று. கல்யாணம் ஏன் கட்டவில்லை என்பதற்கும் அதே கதைகளைத்தான் பயன்படுத்தினார்கள், ஊர் சிக்கனமானது. நான் நேராகவே கேட்டேன். அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள்.

"அப்படியெல்லாம் ஒன்னுமில்லீங்க ஐயா. பொட்டியில எழுதியிருந்துச்சு. படிச்சேன். எழுதினவங்க சும்மாவா எழுதியிருப்பாங்க?"

என் உத்தியோக காலம் முழுவதிலும் இதைவிட எனக்குப் பிடித்த பதில் கிடைத்ததில்லை.

ஒரே ஒரு முறை அவள் தோலின் பதிலை மாற்றிச் சொன்னாள்.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு வீடு. பெண்ணுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தவர். வயதும் கடையும் சேர்ந்தே வளர்ந்திருந்தன. வழக்கம்போல அவள் போய்க் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துவிட்டு வந்தாள். இரண்டாம் நாள் பதில் பார்க்கப் போனாள்.

"எரியுதுக்கா" என்றாள் பெண்.

அவள் சின்ன டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தோல் சுத்தமாக இருந்தது. "எங்க எரியுது, காட்டு" என்றாள். பெண் தொட்டுக் காட்டினாள். அது மற்றக் காது. அங்கே எதுவுமே வைத்திருக்கவில்லை.

"ரொம்ப எரியுதாம்மா?"

"ரொம்ப எரியுதுக்கா." பெண் அழத் தொடங்கிவிட்டாள். பெண் பார்த்தது முதல் நாள் குறித்தது வரை, அந்த வீட்டுக்கு வந்தவர்களில் ஏதாவது செய்கிறதா என்று அவளிடம் கேட்ட முதல் ஆள் இந்த அலங்காரக்காரிதான். கேட்டது தோலைப் பற்றி. பதில் வேறெங்கிருந்தோ வந்தது.

அவள் டோர்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்து பெண்ணின் தாயிடம் சொன்னாள்: "ஒத்துக்கலீங்க, செவந்திருச்சு. கலியாணத்தத் தள்ளித்தான் வைக்கணும். இப்ப வச்சா மூஞ்சி வீங்கிரும்."

அன்று மாலை பஸ் தரிப்பில் என்னிடம், "ஐயா, நான் ஒரு பொய் சொல்லிட்டேங்க" என்றாள். நடந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, "செவக்கவே இல்லீங்க. செவந்துச்சுன்னு சொல்லிட்டேன்" என்றாள் திரும்பவும். ஒரு பெண்ணைக் காப்பாற்றியது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோல் சொன்ன பதிலைத் திரித்துவிட்டோமே என்பதுதான் அவளுடைய துக்கம்.

மாப்பிள்ளையின் மாமா சும்மா இருக்கவில்லை. அலங்காரம் இல்லாவிட்டால் போகிறது, கையெழுத்தை மட்டும் போட்டுவிடலாம் என்று பெண்ணையும் தாய் தகப்பனையும் மாப்பிள்ளையையும் அந்த வாரமே என் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"கையெழுத்துப் போடுறதுக்குப் பவுடர் வேணுமாங்க?" என்றார்.

"வேண்டியதில்லை. ஆனா பொண்ணு என் முன்னால வாயால சொல்லணும்" என்றேன்.

பெண்ணிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டேன். மௌனம் சம்மதத்துக்கு அடையாளம் என்று பழமொழி உண்டு, சட்டத்தில் இல்லை. புத்தகத்தை மூடினேன். மாமா என்னை முறைத்துவிட்டு எழுந்து போனார். கல்யாணம் நின்றது. பெண் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் மேல் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் ஓர் அட்டைப்பெட்டி. "மூஞ்சியில மாவு போட வந்தவ கலியாணத்துல மண்ண போட்டுட்டா" என்று மாமா பஸாரில் நின்று சொன்னார். அந்தச் சொல் பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. போகப் போகச் சுருங்கி, கடைசியில் 'அவ கை பட்டா தள்ளிப் போகும்' என்றாகிவிட்டது. அதுவரை அவளைக் கேலி செய்துகொண்டே கூப்பிட்டவர்கள், அதன் பிறகு கேலி செய்வதை நிறுத்தினார்கள். கூப்பிடுவதையும்தான்.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள், புருஷனை இழந்தவள், ஸ்பிரிங்வெளியிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் மகளைச் சிறு வயதிலேயே பதுளைக்கு அழைத்துவந்து, அந்த மேல்மாடி அறையில் வைத்து உயர்தரம் வரை படிக்கவைத்தவள் இவள்தான். அந்தப் பிள்ளைக்கு ஒரு சவர்க்காரம் மாற்றினால்கூட முதலில் கேட்டு வைப்பாள். பள்ளிக்கூடப் படத்துக்குப் பவுடர் போடவேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பே சொல்லியாக வேண்டும். "எங்க சின்னம்மா என் தோலுக்கு மட்டும்தான் மரியாதை குடுக்கும், எனக்குக் குடுக்காது" என்று அந்தப் பிள்ளை கீழே வந்து முதலாளியிடம் முறையிடும். படித்து முடித்துப் பண்டாரவளையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயே மாப்பிள்ளையும் அமைந்தது. மரக்கறி மொத்த வியாபாரக் குடும்பம். நல்ல பையன். அந்தக் கல்யாணத்துக்காகவே அவள் ஒரு புதுப் பெட்டி வாங்கி, துணியால் மூடி வைத்திருந்தாள். ஊர் கூப்பிடாத காலத்தில் அவள் எதிர்பார்த்திருந்த ஒரே முகம் அது.

நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். ஓய்வு பெற்ற உத்தியோகத்தனுக்கு நேரம் போக்க ஒரு கடை வேண்டும். எனக்கு முதலாளியின் கடை. ஒரு சனிக்கிழமை அங்கே உட்கார்ந்திருந்தபோது அக்காவின் மகள் படியேறி மேலே போனாள். மேல்மாடி பலகைத் தளம். மேலே பேசுவதெல்லாம் கீழே கேட்கும்.

"சின்னம்மா, மாப்பிள்ள வீட்டுல பண்டாரவளையிலயே அலங்காரத்துக்கு ஆளு பேசிட்டாங்க."

"பேசட்டும். நல்ல ஆளா?"

"நல்ல ஆளுதான். போன்ல படமெல்லாம் காட்டுச்சு. பெரிய பெரிய கலியாணம் செய்றவங்க."

"கேட்டு வச்சாங்களா?"

"அதெல்லாம் அவங்க பாக்குறதில்ல சின்னம்மா."

"சரி, அலங்காரத்த அவங்களே செய்யட்டும். என்ன கிரீமுன்னு கேட்டு ஒரு சொட்டு மட்டும் வாங்கிட்டு வா. காதுக்குப் பின்னாலதானே, முடி மறைச்சிரும். யாருக்கும் தெரியாது."

"சின்னம்மா..."

"ஒரு சொட்டுதான்டி. உனக்கு வேர்வைக்கே செவக்கும். நெனவிருக்கா, ஒம்பதாம் வகுப்புல..."

"மாப்பிள்ள வீட்டு அத்தைக்குத் தெரிஞ்சா பேசுவாங்க சின்னம்மா. அவங்க காதுக்கு எல்லாக் கதையும் போயிருக்கு. நீங்க வரக்கூடாதுன்னு அவங்க சொல்லல. கை மட்டும்... எனக்காக விட்டுடுங்களேன்."

முதலாளி எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஏதோ செய்தி போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதை மிகவும் கவனமாகக் கேட்டோம்.

அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனபின், அவளும் இறங்கி வந்தாள். முதலாளி கோபமாக, "பெத்தவள விடப் பெரிசா வளத்தீங்க. ஒரு அதட்டு அதட்டியிருக்கலாமே புள்ள?" என்றார்.

"கேட்டேங்க மொதலாளி. வேணாம்னு சொல்லிருச்சு" என்றாள். "அப்புறம் தொடலாமா?"

கல்யாணம் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அக்கா எனக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் இருந்த ஒரு சிக்கலைத் தீர்த்துக் கொடுத்த நன்றி. பழைய உத்தியோகத்தன் என்று என்னை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். அவள் கடைசியில், சமையற்கட்டுக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்க். தேநீர் என்றுதான் முதலில் நினைத்தேன். கை கழுவப் போகிற சாக்கில் அருகே போனேன்.

"ஐஸ் கட்டிங்க ஐயா," என்றாள் மெதுவாக. "சுத்தமான துணியும் வச்சிருக்கேன். அரிப்புக்குக் குடுக்குற மாத்திரையும் இருக்கு. எப்ப வேணும்னாலும் வீங்கலாம், இல்லீங்களா? பக்கத்துல போகமாட்டேன். யாராச்சும் ஓடி வந்தா குடுத்துருவேன்."

"முன்னால வந்து உக்காரேன்மா."

"வேணாங்க. இங்க இருந்தா தண்ணி பக்கம்."

பெண்ணைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் உண்மையை எழுதவேண்டும். அழகாக இருந்தாள். அவளுடைய நிறம் கொஞ்சம் தொலைந்திருந்தது. ஆனாலும் அழகாக இருந்தாள். மேடை விளக்குகள் நெருப்பாகக் கொதித்தன. மேலுதட்டில் வியர்வை பூத்தது. ஒருத்தி குனிந்து ஒற்றி எடுத்தாள். நான் மந்திரத்தைக் கவனிக்கவில்லை. அந்தக் காது மடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி ஏறியது. தோல் சிவக்கவில்லை. ஒருவரும் ஓடவில்லை. ஒரு தடவை பெண் தலையை நிமிர்த்திக் கூட்டத்துக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்தாள். "மேடம், இங்க பாருங்க" என்றார் படம் எடுப்பவர். அவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெண் வீட்டார் எல்லாரும் மேடைக்கு வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அக்கா போனாள். கதவோரத்திலிருந்தவள் அசையவில்லை. 'எல்லாரும்' என்ற சொல் தன்னைக் குறிக்குமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே படம் எடுத்து முடிந்துவிட்டது.

மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறிய வேன் புறப்பட்டுப் போனபின், மண்டப வாசலில் அவளைப் பிடித்தேன்.

"ஐயா, நீங்க கிட்ட இருந்தீங்க. அங்க இருந்து பாக்க எனக்கு மொகமே தெரியல. காதோரம் செவந்துச்சுங்களா?"

"இல்லம்மா."

"கண்ணு ஓரம்? தாடைக்குக் கீழ?"

"ஒன்னுமே இல்ல. நல்லா இருந்துச்சு."

"சிரிச்சாளா?"

"சிரிச்சா."

"அப்ப ஒத்துக்கிச்சுங்க" என்றாள். முகத்தில் நிம்மதி இருந்தது, அது நடிப்பில்லை. அவள் வேண்டிக்கொண்டதும் அதைத்தான். ஆனால் அந்த நிம்மதியை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பிளாஸ்க்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"பதுளை பஸ் வரப் போகுது. வா, போவோம்" என்றேன்.

"நீங்க போங்க ஐயா. சில தோலுக்கு நேரம் செல்லச் செல்லத்தான் தெரியும்னு தாள்ல எழுதியிருக்கு. ராத்திரிக்குள்ள ஏதாச்சும் ஆனா கூப்பிடுவாங்க. அங்க போயிட்டா திரும்பி வர நேரமாயிரும்ல?"

நான் பஸ் ஏறினேன். வளைவு திரும்பும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். மண்டபத்துக்காரர்கள் வாசலில் கட்டியிருந்த வாழையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று அவள் ஓரமாக நகர்ந்து, பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றாள்.